ஸ்டீல் எரெக்ஷனுக்கு வந்த புதுப் பசங்க: சேஃப்டியா, டிராயிங்கா, கணக்கா, எதுல ஆரம்பிக்கிறது?

ஜிகணி ஃபோர்மேன்:
வணக்கம் மக்களே. பெங்களூர் ஜிகணில ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்ல ஃபோர்மேனா இருக்கேன். ஷெட், மெஸனைன் (ஷெட்டுக்குள்ள போடுற நடுத்தளம்), பைப் ரேக் (பைப் தாங்குற ஸ்டாண்டு) இதான் நம்ம வேலை, ஷாப்ல அடிச்சு லாரில ஏத்தி சைட்ல நாங்களே தூக்கி நிறுத்தியும் கொடுத்துருவோம். இந்த வருஷம் ஓனர் அப்ரென்டிஸ் பசங்க ஆறு பேரை எடுத்துட்டாரு. மூணு பேர் ஐடிஐ, மிச்ச மூணு பேர் பத்தாவது. எல்லாருக்கும் 18 முடிஞ்சிருச்சு, அதைப் பாத்துதான் எடுத்தோம். நாலு பேர் ஊத்தங்கரை, அரூர் பக்கத்து நம்ம பசங்க, ஒருத்தன் ராய்ச்சூர், ஒருத்தன் ஒடிசா.

சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் பொழுது முழுக்க உனக்கு, சேஃப்டி, டிராயிங் பாக்குறது, கணக்கு மூணையும் சொல்லிக் கொடுத்துருன்னுட்டாரு. ஆஃபீஸ்ல ஒரு பிபிடி கொடுத்தாங்க, முழுக்க இங்கிலீஷ், ஸ்லைடுக்கு ஒரு வெள்ளைக்காரன் ஹெல்மெட் போட்டுட்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டு நிக்கிறான். சாப்ட்டு வந்து ஃபேன் அடியில உக்காந்தா பசங்களுக்கு கண்ணு சொக்குது. எனக்கு வேலை தெரியும், வாத்தியார் வேலை தெரியாது. மூணுல எதை முதல்ல எடுக்கிறது? பசங்களை ட்ரெயின் பண்ணவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

பீன்யா பழசு:
சேஃப்டி. இதுல என்ன கேள்வி. முதல் மாசம் டிராயிங்கும் வேணாம் கணக்கும் வேணாம். ஹெல்மெட் பட்டியைக் கட்டு, ஷூ போடு, பெல்ட் மாட்டு, மாட்டாதவன் ஏணில கால் வைக்கக்கூடாது, அவ்ளோதான். கணக்கெல்லாம் வேலை பாக்கப் பாக்க தானா வந்துரும். நாங்கல்லாம் மேஸ்திரிக்கு டேப்போட மறுமுனையைப் புடிச்சே கத்துக்கிட்டவங்க, எந்த கிளாஸுக்கும் போகல.

கணக்குப்பிள்ளை:
பழசு அண்ணே, மரியாதையோட ஒரு கேள்வி. பெல்ட் மாட்டுன்னு சொல்றீங்க, எங்க மாட்டுறதுன்னு யாரு சொல்றது?

லேன்யார்டு, அதாவது பெல்ட்டையும் கொக்கியையும் சேக்கிற கயிறு, 1.8 மீட்டர்னு வச்சுக்கோங்க. ஆள் விழுந்தா அதுல இருக்கிற அப்சார்பர் (அதிர்ச்சியை வாங்குற மடிப்புப் பட்டி) தையல் பிரிஞ்சு நீளும், ஐரோப்பிய ஸ்டாண்டர்டுல அது 1.75 மீட்டர் வரைக்கும் நீளலாம்னு விட்டிருக்காங்க. முதுகுல கயிறு மாட்டுற டி ரிங் வளையத்துலேர்ந்து பாதம் வரைக்கும் ஒரு 1.5. அதுக்கும் கீழ ஒரு மீட்டராவது கையிருப்பு வேணும். கூட்டிப் பாருங்க, 6.05. அதாவது கொக்கி மாட்டின இடத்துலேர்ந்து கீழ ஆறு மீட்டர் காலியா இருந்தாத்தான் அந்த பெல்ட் காப்பாத்தும். இப்ப ஜிகணி அண்ணன் போடுற மெஸனைன் எவ்ளோ உயரம் இருக்கும், நாலரை மீட்டர்? பையன் பீம் மேல நின்னுட்டு காலடியிலயே அதே பீம்ல கொக்கியைப் போடுறான், பாக்குறவனுக்கு அவன் சேஃப்டியா இருக்கிற மாதிரிதான் தெரியும், போட்டோகூட எடுத்து ரிப்போர்ட்ல போட்டுருவாங்க. விழுந்தா அப்சார்பர் முழுசா பிரியறதுக்குள்ள கால் தரையில. பெல்ட் போட்டும் கால் உடைஞ்சவன் கதை நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு.

அந்த நாலரை மீட்டர் எங்க எழுதியிருக்கு? டிராயிங்ல, எலிவேஷன்ல, +4.500னு. அப்ப டிராயிங் பாக்கத் தெரியாதவனுக்கும் நாலு நம்பரைக் கூட்டத் தெரியாதவனுக்கும் நீங்க என்ன சேஃப்டி சொல்லிக் கொடுப்பீங்க?

பீன்யா பழசு:
அப்ப நாலரை மீட்டர்ல பெல்ட்டே வேணாங்கிறியா தம்பி? நல்லாருக்கு கதை.

கணக்குப்பிள்ளை:
ஐயோ அண்ணே அப்படி சொல்லல. தலைக்கு மேல மாட்டச் சொல்றேன். தலைக்கு மேல மாட்ட இடம் இருந்தா விழுற தூரமே குறைஞ்சுரும். இல்லையா, தானா இழுத்துக்கிற பிளாக் தொங்க விடுங்க, பூம் லிஃப்ட் (ஆளைக் கூடைல வச்சுத் தூக்குற மெஷின்) எடுங்க, சாரம் கட்டுங்க. எதுன்னு முடிவு பண்றதே அந்தக் கூட்டலை வச்சுத்தான்னு சொல்றேன்.

மஞ்சத்தொப்பி:
ஒயிட்ஃபீல்ட் பக்கம் ஒரு ப்ராஜெக்ட்ல சேஃப்டி ஆஃபீசரா இருக்கேன். மேல சொன்ன கணக்கு சரி. ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க, விழுந்தவன் தொங்குறானே, அவனை எப்படி இறக்குறது? ஹார்னஸ்ல (உடம்பு முழுக்க மாட்டுற பெல்ட்டு) அசையாம தொங்கினா தொடைப் பட்டி இறுக்கி ரத்தம் கால்லயே தேங்கிரும், கொஞ்ச நேரத்துல மயக்கம், அதுக்கப்புறம் உயிருக்கே ஆபத்து. ஃபயர் சர்வீஸ் சில்க் போர்டு ட்ராஃபிக்ல வர வரைக்கும் காத்திருக்க முடியாது. எந்த ஏணி, எந்த லிஃப்ட், யாரு போவா, இதை ஏத்துறதுக்கு முன்னாடியே பேசி வச்சிருக்கணும்.

கிளாஸ் பத்தி என் அனுபவம்: ஹார்னஸை ஸ்லைடுல காட்டாதீங்க, கையில கொடுங்க. ஒரு பழைய ஹார்னஸை மேஜைல போட்டு இதுல என்ன கோளாறுன்னு கண்டுபிடிங்கடான்னு விட்டுருங்க. பட்டியை ரெண்டு கையிலயும் புடிச்சு உள்பக்கம் வெளியே வர மாதிரி வளைச்சு, அரையடி அரையடியா விரலை ஓட்டிப் பாக்கணும். வெல்டிங் பொறி விழுந்த இடம் கடுகு சைஸுக்குக் கறுப்பா உருகி முடிச்சு விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தையல் நூல் வேற கலர்ல இருக்கும், அது அறுந்திருந்தா சட்டுனு புரியணும்னுதான் அந்தக் கலர். கொக்கியோட நாக்கைத் திறந்து விட்டா தானா சாத்திக்கணும், பாதில நின்னா தூக்கி ஓரமா வைங்க. அப்சார்பர் உறை கிழிஞ்சு உள்ள இருக்கிற மடிப்பு தெரிஞ்சா அது ஏற்கனவே யாரையோ புடிச்ச பெல்ட்டு, வெட்டிப் போட்டுருங்க. வெட்டணும், சும்மா ஒதுக்கி வச்சா மறுநாள் அவசரத்துக்கு யாராவது மாட்டிட்டுப் போயிருவான். லேபிள்ல ஐஎஸ் (இந்தியன் ஸ்டாண்டர்டு) 3521 இருக்கா, ஹெல்மெட்ல ஐஎஸ் 2925 இருக்கா, தேதி என்ன, இதையும் பசங்களையே படிக்க விடுங்க.

ஸ்டீல் ஏத்துறதுக்குன்னே தனியா ஒரு ஐஎஸ் இருக்கு, 7205, 1974ல போட்டது. பழசுதான், ஆனா ஃபோர்மேன் ஒரு தடவை படிச்சு வச்சுக்கிறது நல்லது.

ஜிகணி ஃபோர்மேன்:
அக்கா ரொம்ப தேங்க்ஸ். பழைய ஹார்னஸ் ஐடியா சூப்பர், ஸ்டோர்ல நாலஞ்சு கிடக்கு. மத்தவங்களும் சொல்லுங்க, டிராயிங் பக்கம் யாரும் வரலையே.

கேஜிஎஃப் ரிக்கர்:
நான் டிராயிங் ஆள் இல்ல, தூக்குற ஆள். தினமும் மாரிக்குப்பம் ட்ரெயின்ல பெங்களூர் வந்து போறவன். எங்கப்பா 2001 பிப்ரவரில கோலார் தங்க மைன் மூடுற வரைக்கும் உள்ள இறங்கி வேலை பாத்தவரு, கூண்டு மேல போகணுமா கீழ போகணுமான்னு மணியடிக்கிற கணக்கு தெரியாம எவனும் கூண்டுல கால் வைக்க முடியாதுன்னு சொல்லுவாரு. நம்ம சைட்ல என்னடான்னா ஹைட்ரா கிரேனுக்கு நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுறான். பசங்களுக்கு முதல் பாடமே இதுதான்: சிக்னல் ஒருத்தன்தான் கொடுக்கணும், ஆனா நிறுத்துன்னு யாரு கை காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தணும், நேத்து சேந்த பையன் காட்டினாலும் சரி. உங்க ஒடிசா பையனுக்கும் ராய்ச்சூர் பையனுக்கும் இது மொழி தெரியாமலே புரியும், அது ஒரு வசதி.

இப்ப ஸ்லிங், அதான் லோடைக் கட்டித் தூக்குற கயிறு, அதோட கணக்குக்கு வரேன். ஐடிஐல சைன் காஸ் எல்லாம் எழுதிப் போடுவாங்க, பத்தாவது பையன் மிரண்டு போவான். அது எதுவும் வேணாம். ரெண்டு லெக் ஸ்லிங் (கொக்கிலேர்ந்து ரெண்டு கயிறா பிரியுறது) போட்டா, ஒரு லெக்கோட நீளத்தை அளந்துக்கோ. பீம்லேர்ந்து கொக்கிக்கு நேர் உயரத்தை அளந்துக்கோ. நீளத்தை உயரத்தால வகு, பாதி எடையால பெருக்கு, ஒரு லெக்குல வர்ற இழுவை அதான். உதாரணத்துக்கு ரெண்டு டன் பீம், லெக் 3 மீட்டர், உயரம் 1.5 மீட்டர். 3 வகுத்தல் 1.5 ரெண்டு, பாதி எடை ஒரு டன், ரெண்டையும் பெருக்கினா ஒரு லெக்குல ரெண்டு டன். அதாவது ரெண்டு லெக் இருந்தும் ஒவ்வொண்ணும் முழு எடையையும் இழுக்குது. பசங்க யாரும் முதல்ல நம்ப மாட்டானுங்க. அப்புறம் அதே பீமுக்கு நீளமான ஸ்லிங் போட்டு படுக்கைவாட்டத்துலேர்ந்து 60 டிகிரி வர மாதிரி நிமித்தினா 1.15 டன்தான். 45 டிகிரின்னா 1.41.

நம்ப வைக்க ஒரு வழி இருக்கு. சிமெண்ட் மூட்டை ஒண்ணை கயிறு நடுவுல கட்டி, ரெண்டு பசங்களை ரெண்டு முனையையும் புடிச்சுத் தூக்கச் சொல்லுங்க. பக்கத்துல பக்கத்துல நின்னா சுலபமா தூக்குவானுங்க. அப்படியே ஒருத்தரை விட்டு ஒருத்தர் விலகிப் போகச் சொல்லுங்க, கயிறு படுக்கப் படுக்க கை நடுங்க ஆரம்பிச்சுரும். அதுக்கப்புறம் நம்பரை எழுதுங்க, மறக்கவே மாட்டான்.

பெல்ட் ஸ்லிங் கலரையும் மனப்பாடம் பண்ண வைங்க, ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. ஆனா கலரை மட்டும் நம்பி தூக்காதீங்க, லோக்கல்ல கலர் மாத்தித் தைக்கிறவனும் இருக்கான், லேபிளைப் பாருங்க. சோக்கர் போட்டு, அதாவது சுருக்கு மாதிரி சுத்தி இறுக்கினா அதுல 80 சதவீதம்தான்.

ராஜாஜிநகர் ரவுடி:
ஃபாலோயிங். என் தம்பியும் இந்த லைன்ல சேரணும்னு நிக்கிறான்.

கணக்குப்பிள்ளை:
ரிக்கர் பாஸ் செமயா சொல்லிட்டாரு. ஆனா அவர் ரெண்டு டன்னுனு ஆரம்பிச்சாரு பாருங்க, அந்த ரெண்டு டன் எங்கேர்ந்து வந்துச்சு? சைட்ல கேட்டா "பாத்தா ஒரு டன் இருக்கும்"ன்னுவாங்க. பாத்து எடை சொல்ற பழக்கத்தை முதல் வாரமே ஒழிங்க.

ஸ்டீல் ஒரு கன மீட்டர் 7850 கிலோ. அதனால ஒரு சதுர மீட்டர் பிளேட்டு, ஒரு மில்லி தடிமன்னா 7.85 கிலோ. இந்த ஒரே நம்பரை வச்சு மொத்த ஷெட்டையும் எடை போட்டுரலாம். உங்க ஷாப்ல பிளேட்டை வெல்டு பண்ணி அடிக்கிற பில்ட் அப் பீமையே எடுங்க. மேலயும் கீழயும் 200க்கு 12 ஃபிளேஞ்ச், நடுவுல 576க்கு 8 வெப், நீளம் 9 மீட்டர்னு வைங்க. ஃபிளேஞ்ச் ஒண்ணு 0.2 பெருக்கல் 12 பெருக்கல் 7.85, மீட்டருக்கு 18.84 கிலோ, ரெண்டுக்கும் 37.68. வெப் 0.576 பெருக்கல் 8 பெருக்கல் 7.85, 36.17. மொத்தம் மீட்டருக்கு 73.85, ஒம்பது மீட்டருக்கு 665 கிலோ. கிளீட்டு (இன்னொண்ணை இணைக்க வைக்கிற துண்டு), ஸ்டிஃப்னர் (பிளேட்டு வளையாம தாங்குற துண்டு), வெல்டு எல்லாம் சேத்துக்கோங்க. கம்பின்னா விட்டத்தை விட்டத்தாலயே பெருக்கி 162ஆல வகு, 16 எம்எம் மீட்டருக்கு 1.58 கிலோ. கம்பி கட்டுறவன் பாதிப் பேருக்கு இது தெரியும், ஏன் 162ன்னு கேட்டா முழிப்பான். அதுவும் அதே 7850லேர்ந்து வந்ததுதான், ஐடிஐ பையனை விட்டு போர்டுல போட்டுக் காட்டச் சொல்லுங்க.

டிடெய்லர் மாரத்தஹள்ளி:
டிராயிங் பக்கம் யாரும் வரலைன்னு சொன்னீங்கல்ல, வந்துட்டேன். ஸ்டீல் டிடெய்லிங்ல இருக்கேன், பகல்ல இந்தியா வேலை, ராத்திரி அமெரிக்கா வேலை. நாங்க போடுற டிராயிங்கை ஷாப்ல எப்படித் தப்பா படிக்கிறாங்கன்னு வருஷக்கணக்கா பாத்துட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல டைட்டில் பிளாக். பசங்க டிராயிங்கை விரிச்சதும் கண்ணு நேரா பீம் படத்துக்குப் போகுது. கீழ வலது மூலைக்குப் போகணும். ரிவிஷன் என்ன, ஷாப் ஃப்ளோர்ல ஒட்டியிருக்கிற ரிவிஷன் அதுதானா, மேகம் போட்ட இடத்துல என்ன மாறியிருக்கு. அப்புறம் ப்ரொஜெக்ஷன் சிம்பல். நம்ம ஐடிஐல சொல்லித் தர்றது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்க வழில போட்ட டிராயிங் தேர்டு ஆங்கிள்ல வரும், ப்ரீ எஞ்சினியர்டு ஷெட் கம்பெனிங்க பல பேர் அப்படித்தான் கொடுக்கிறாங்க. ஃபர்ஸ்ட் ஆங்கிள்ல இடது பக்கத்துலேர்ந்து பாத்த வியூவை வலது பக்கம் வரைவாங்க, தேர்டு ஆங்கிள்ல இடதை இடதுலயே வரைவாங்க. இதைப் பாக்காம அடிச்சா கிளீட்டு மறுபக்கம் போயிரும், முப்பது பீமும் கண்ணாடில பாத்த மாதிரி மாறி நிக்கும், சைட்ல போய்த்தான் தெரியும்.

ரெண்டாவது, டேப்பை டிராயிங் மேல வைக்காதீங்க. ஏ1ல போட்ட டிராயிங்கை செலவு பாத்து ஏ3ல பிரிண்ட் எடுக்கிறாங்க, நீளம் அகலம் ரெண்டும் பாதி, 1:50ன்னு கீழ எழுதியிருக்கும் ஆனா பேப்பர்ல இருக்கிறது 1:100. எழுதியிருக்கிற அளவுதான் அளவு. இல்லாத அளவை அளந்து கண்டுபிடிக்காதீங்க, ஃபோன் பண்ணிக் கேளுங்க.

மூணாவது, அளவை எங்கேர்ந்து புடிக்கிறான்னு பாருங்க. பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்குற குறுக்குச் சட்டம்) கிளீட் ஹோல் வரிசையா பத்து இருக்குன்னா, பையன் ஒண்ணை மார்க் பண்ணிட்டு டேப்பைத் தூக்கி அங்கேர்ந்து அடுத்தது, மறுபடி தூக்கி அதுக்கடுத்தது. சாக்பீஸ் கோடு தடிமனே ஒரு மில்லி ரெண்டு மில்லி இருக்கும், கடைசி ஹோலுக்கு வரும்போது போல்ட்டு உள்ள போகாது. டேப்பை ஒரு முனையில கொக்கி போட்டு அப்படியே வச்சுக்கிட்டு, அளவைக் கூட்டிக் கூட்டி ரன்னிங்கா மார்க் பண்ணணும். கூட்டல்தான், ஆனா கூட்டிப் பழக்கமில்லாதவன் டேப்பைத் தூக்கிருவான்.

நாலாவது வெல்டு சிம்பல். அமெரிக்க முறைல கோட்டுக்குக் கீழ முக்கோணம்னா அம்புக்குறி காட்டுற பக்கம், மேல இருந்தா மறுபக்கம். ஐஎஸ்ஓ முறைல கூட ஒரு புள்ளிக்கோடு ஓடும், முக்கோணம் எந்தக் கோட்டுல ஒட்டியிருக்குன்னு பாக்கணும். கொடி இருந்தா சைட்ல வச்சு பண்ற வெல்டு, வட்டம் இருந்தா சுத்தி. ஷாப்ல கொடியைப் பாக்காம வெல்டை அடிச்சுக் கட்டி அனுப்பிருவாங்க, லாரில ஏத்தவே முடியாது.

போல்ட்டு ஹோல் பத்தியும் சொல்லிருங்க: எம்20 போல்ட்டுக்கு 22 எம்எம் ஹோல். ஐஎஸ் 800 படி ஹோலுக்கு ஹோல் குறைஞ்சது விட்டத்தோட ரெண்டரை மடங்கு, அதாவது 50. ஓரத்துலேர்ந்து மெஷின்ல வெட்டின பிளேட்டுன்னா ஹோலோட ஒன்றரை மடங்கு, 33. கையால கேஸ் கட்டிங் பண்ணின ஓரம்னா 1.7 மடங்கு, 37.4. டிராயிங்ல 35 கொடுத்திருக்கு, ஷாப்ல மெஷின் பிஸி, கட்டிங் செட்ல அறுத்துட்டாங்கன்னா அது தப்பாயிரும். கையால அறுக்கலாமான்னு கேக்கணும்ங்கிறது பையனுக்குத் தெரிஞ்சிருக்கணும், அதுக்கு இந்த நம்பர் தெரியணும்.

பீன்யா பழசு:
எல்லாரும் எனக்குக் கணக்கு தெரியாதுன்ற மாதிரியே எழுதுறீங்க. ஃபவுண்டேஷன் போல்ட்டு எங்க வரணும்னு தரையில குறிக்கிற லைன் அவுட் எத்தனையோ போட்டவன்டா நான். 18க்கு 24 ஷெட்டுன்னா மூலைக்கு மூலை 30 வரணும், ரெண்டு குறுக்கும் 30 வந்தா மூலைமட்டம் சரி. மூணு நாலு அஞ்சை ஆறால பெருக்கினது, பைத்தாகரஸ் பேரு தெரியாமலே போடுவோம். கிராஸ் பிரேஸிங் (குறுக்கே போடுற தாங்கல்) 6 மீட்டர் பே, அதாவது தூணுக்குத் தூண் இடைவெளி, 8 மீட்டர் உயரம்னா 10 மீட்டர், கேக்கவே வேணாம். ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன், வீட்டு வேலை பாத்துட்டு வர்ற பசங்க நூல் கணக்குல பேசுவானுங்க, ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் மூணு மில்லின்னு குத்துமதிப்பா போடுவானுங்க. அது 3.175. பத்து நூலுக்கு ஒண்ணே முக்கா மில்லி போச்சு. எங்க ஷாப்ல அடி இன்ச் டேப்பையே ஒழிச்சுக் கட்டிட்டேன், மில்லி மட்டும்தான்.

இன்னொண்ணு, மத்தியானம் கொதிக்கிற வெயில்ல அளந்துட்டு மறுநாள் காலைல குளிர்ல அளந்தா வேற வரும், 20 டிகிரி வித்தியாசத்துக்கு 30 மீட்டர் ஸ்டீல் 7 மில்லி நீளும். இதையும் சொல்லிக் கொடுங்க. காலைலயே அளக்கப் பழக்குங்க.

கணக்குப்பிள்ளை:
அண்ணே நீங்கதான் இந்த இழைலயே பெரிய கணக்கு வாத்தி.

சின்ன ஓனர்:
கடுப்பா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பொம்மசந்திரால எனக்கும் ஒரு சின்ன ஷாப் இருக்கு. பசங்களை எடுத்து, ஹார்னஸ் வாங்கிக் கொடுத்து, ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்து, டிராயிங் படிக்கத் தெரிஞ்ச உடனே ஒரு பெரிய கம்பெனிக்காரன் மாசம் ரெண்டாயிரம் கூடக் கொடுத்து தூக்கிட்டுப் போறான். இப்ப அவனுக்கு வேற ஆள் நான் தேடணும். ஸ்டைபெண்ட் 2019 ரூல்படியே பத்தாவதுக்கு ஆறாயிரம், ஐடிஐக்கு ஏழாயிரம்னு கீழ் எல்லை வச்சாங்க, அரசு நேஷனல் அப்ரென்டிஸ்ஷிப் ஸ்கீம்ல 25 சதவீதம், அதிகபட்சம் 1500 பையன் அக்கவுண்டுக்கே நேரா போட்டுருது, அதையும் இதையும் கூட்டிக் கழிச்சாலும் ஒரு பையனுக்கு எனக்கு ஆகுற செலவு யாருக்கும் புரியாது.

மஞ்சத்தொப்பி:
சார் உங்க கஷ்டம் நியாயம்தான். ஆனா ஆறாயிரத்துக்கு பெங்களூர்ல ஒரு ரூம் வாடகைகூட வராதே, ரெண்டாயிரம் கூடக் கொடுத்தா அவன் போகத்தான் செய்வான். 30 பேரோ அதுக்கு மேலயோ ஆள் இருந்தா சட்டப்படி அப்ரென்டிஸ் எடுத்தே ஆகணும், நாலு பேர்லேர்ந்து 29 வரைக்கும் விருப்பம். நீங்க எடுக்காம இருக்கலாம். எடுத்தா முழுசா சொல்லிக் கொடுக்காம வேலை வாங்கக்கூடாது, அவ்ளோதான் என் பக்கம்.

சின்ன ஓனர்:
அது சரி மேடம். நான் சொல்லிக் கொடுக்க மாட்டேன்னு சொல்லல. போறவனைத் தடுக்க முடியலைன்னு சொன்னேன்.

கனடா கார்த்தி:
ஊர் சிவாஜிநகர், இப்ப ஒன்டாரியோல ஸ்ட்ரக்சுரல் அயர்ன் ஒர்க்கர். இங்க ரெட் சீல்னு ஒரு சர்டிஃபிகேட், அயர்ன் ஒர்க்கர்லயே கம்பி கட்டுறவங்களுக்கு தனி, ஸ்ட்ரக்சுரலுக்கு தனி, எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு. கொஞ்ச மாசம் சைட்டு, கொஞ்ச வாரம் கிளாஸ், மறுபடி சைட்டுன்னு மாத்தி மாத்திப் போகும். கிளாஸ்ல சொன்னதை அடுத்த வாரமே இரும்புல பாக்குறதால மண்டைல ஏறுது, உங்க சனிக்கிழமை ஐடியாவும் அதே மாதிரிதான், நல்லாருக்கு.

ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன். ஒண்ணு, அமெரிக்க ரூல்ல, பீமை காலம் (தூண்) மேல வச்சதும் ஒரு கனெக்ஷனுக்கு குறைஞ்சது ரெண்டு போல்ட்டு, டிராயிங்ல சொன்ன அதே சைஸ், ஸ்பானர் வச்சு இறுக்கின பிறகுதான் கிரேன் கொக்கியை விடணும். காலம் அடியில குறைஞ்சது நாலு ஆங்கர் போல்ட்டு. அந்த ரூல் இந்தியாவுல செல்லாதுன்னாலும் உங்க ஷாப் ரூலா வச்சுக்கலாம், யாரு கேக்கப் போறா.

ரெண்டாவது, சேஃப்டி வேற கணக்கு வேறன்னு நினைக்கிறவங்களுக்கு இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கதை. 1907 ஆகஸ்ட் 29, கியூபெக் பாலம் கட்டிட்டு இருக்கும்போதே ஆத்துல விழுந்துச்சு, 75 பேர் செத்தாங்க, அதுல 33 பேர் கானவாகேங்கிற ஒரே மோஹாக் ஊர்க்காரங்க. நடு ஸ்பானை 1600 அடிலேர்ந்து 1800 அடியா கூட்டிட்டு, பாலத்தோட சொந்த எடையைத் திரும்ப ஒழுங்கா கணக்குப் போடல. பாலத்தோட கீழ் கார்டு (அடிப்பக்க முக்கியச் சட்டம்) பிளேட்டு வளையிறதை சைட்ல இருந்தவங்க முன்னாடியே பாத்து அளந்து ரிப்போர்ட்டும் பண்ணிட்டாங்க, வேலையை நிறுத்துற உத்தரவு சைட்டுக்கு நேரத்துல போய்ச் சேரல. அன்னிக்கு எல்லாரும் பெல்ட் போட்டிருந்தாலும் என்ன ஆயிருக்கும்?

நாகவாரா நடேசன்:
அவ்ளோ தூரம் போவானேன். 2023 ஜனவரி 10, நம்ம அவுட்டர் ரிங் ரோட்ல நாகவாரா கிட்ட மெட்ரோ பில்லருக்குக் கட்டி நிறுத்தியிருந்த கம்பிக்கூடு, கிட்டத்தட்ட 40 அடி உயரம், ரோட்டுல சாய்ஞ்சு பைக்ல போன குடும்பத்துல அம்மாவும் சின்னக் குழந்தையும் போயிட்டாங்க. எங்க ஏரியா. கம்பி கட்டுற பசங்களையும் உங்க கிளாஸ்ல உக்கார வைங்க. பில்லர் கம்பிக்கூடு கான்கிரீட் ஊத்துற வரைக்கும் தானா நிக்காது, சாயாம இழுத்துக் கட்டுற ஸ்டே கம்பி எத்தனை, எந்தக் கோணத்துல, எதுல கட்டியிருக்கு, வேற வேலைக்கு வழியில நிக்குதுன்னு எவனாவது ஒண்ணை அவுத்துட்டானா, இதை தினமும் காலைல ஒருத்தன் சுத்தி வந்து பாக்கணும். ரோட்டுல போறவங்க யாரும் ஹெல்மெட்ல ஐஎஸ் நம்பர் பாத்துட்டு வரமாட்டாங்க.

கேஜிஎஃப் ரிக்கர்:
சரியாச் சொன்னீங்க. ஸ்டே கம்பி இழுவைக்கும் அதே மாதிரி கணக்குதான், ஆனா ஸ்லிங்குக்குத் தலைகீழ், எவ்ளோ செங்குத்தா கட்டுறியோ அவ்ளோ வீண். காலத்துக்குப் பக்கத்துலயே ஆணி அடிச்சுக் கட்டினா காத்து தள்ளும்போது கம்பில இழுவை எகிறும், தள்ளிக் கொண்டுபோய்க் கட்டணும்.

ஜிகணி ஃபோர்மேன்:
இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. நான் முடிவு பண்ணிட்டேன், மூணையும் தனித்தனி பாடமா எடுக்கப் போறதில்ல. அடுத்த மாசம் பிடதில ஒரு மெஸனைன் ஏத்துற வேலை இருக்கு. அதுலேர்ந்து ஒரே ஒரு பீமோட டிராயிங்கை ஆறு பேருக்கும் கொடுத்துருவேன். முதல் சனிக்கிழமை டைட்டில் பிளாக், வியூ, வெல்டு சிம்பல். அடுத்த வாரம் அதே பீமோட எடை, ஒவ்வொருத்தனும் தனியா போட்டுட்டு வரணும், அப்புறம் ஷாப்ல கிரேன் ஸ்கேல்ல தொங்கவிட்டு யாரோடது கிட்ட வருதுன்னு பாக்குறது. அதுக்கு அடுத்த வாரம் ஸ்லிங், ரிக்கர் சொன்ன சிமெண்ட் மூட்டையோட. அப்புறம் லெவலைப் பாத்து பெல்ட் எங்க மாட்டுறது, விழுந்தா எப்படி இறக்குறது. பழைய ஹார்னஸ் வாரா வாரம் அரைமணி நேரம். ஒடிசா பையனுக்கு நம்பர் எல்லாம் சரளமா வருது, மொழிதான் தடை, ராய்ச்சூர் பையன் இந்தில அவனுக்கு சொல்லிருவான்.

பீன்யா அண்ணே, நீங்க ஒரு சனிக்கிழமை வந்து லைன் அவுட் போட்டுக் காட்டினா நல்லாருக்கும். பிரியாணி நம்ம பொறுப்பு.

பீன்யா பழசு:
வரேன். பிரியாணி சாப்ட்டுட்டு கிளாஸ் எடுக்க முடியாது, முதல்ல கிளாஸ். டேப் நான் கொண்டு வரேன், உங்க ஷாப் டேப்பு முனை தேய்ஞ்சிருக்கும்.

ராஜாஜிநகர் ரவுடி:
கடைசியா ஒரு டவுட்டு, தம்பி கேக்கச் சொன்னான். நாலு லெக் ஸ்லிங் போட்டா எடையை நாலா வகுத்துக்கலாமா?

கேஜிஎஃப் ரிக்கர்:
கூடாது. நாலு லெக்கும் ஒரே நீளம் இருக்கவே இருக்காது, லோடும் வளையாது, அதனால எதிரெதிரா இருக்கிற ரெண்டே முழு எடையையும் வாங்கிரலாம், மத்த ரெண்டும் சும்மா பேலன்ஸுக்குத் தொங்கலாம். ரெண்டு லெக்குன்னு வச்சே கணக்குப் போடச் சொல்லு. தம்பிக்கு 18 ஆயிருச்சா?

ராஜாஜிநகர் ரவுடி:
மார்ச்ல ஆகுது.

கேஜிஎஃப் ரிக்கர்:
அப்ப மார்ச் முடிஞ்சு வரச் சொல்லு. அதுவரைக்கும் 7.85 வாய்ப்பாடு போட்டுட்டு இருக்கட்டும்.